கிழக்கு கேலரிக் கல்

சங்கூரணியில் கால்பந்து கிரவுண்டை இடிக்கத் தொடங்கிய அன்று, கிழக்கு கேலரியின் மேல்படியை இயந்திரம் கடித்துப் பிய்த்தபோது, தூசி எழுவதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை எழுந்தது. லைன்மேனின் தாயாரைப் பற்றிய அந்த வார்த்தை கட்டைக் குரலில், கடைசி எழுத்தை ராகமாய் இழுத்துக்கொண்டு வந்தது. வேலி ஓரம் கண்ணைத் துடைத்தபடி நின்ற வயசாளிகள் எல்லாரும் அது மில்லில் பாய்லர் பார்த்த சுப்பையாவின் குரல் என்று கண்டுகொண்டார்கள். சுப்பையா செத்து, அவர் பேரனுக்கே தலை நரைத்திருந்தது. யாரும் பயப்படவில்லை. சுப்பையா அண்ணாச்சிக்குத் தொண்டை மாறவே இல்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படி உடைந்து, அதிலிருந்து ஒரு கூட்டமே ஒரே மூச்சில் 'ஓ' என்றது.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு விவரம் பிடிபட்டுவிட்டது. கல்லில் வெயில் ஏறினால் பேசும், நிழல் விழுந்தால் நிறுத்தும், நனைந்தால் காய்கிறவரை வாயே திறக்காது. எந்தப் படியில் கிடந்த கல்லோ அந்தப் படியில் கேட்டதைத்தான் கத்தும், வேறெதையும் கத்தாது. நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்து குனிந்து கேட்டுவிட்டு, இடிபாடு தன் பொறுப்பில் வரும், சத்தம் வராது என்று சொல்லிப் போனார். கோயில் பூசாரியும் பங்குச் சாமியாரும் சேர்ந்து வந்து பார்த்து, கல் பேசுவது உலகத்தில் புதிதில்லை, இந்தக் கல் பேசுகிற பேச்சுத்தான் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை என்றார்கள்.

ஆட்கள் சாக்கோடு வந்தார்கள். அப்பன் உட்கார்ந்த படியை மகனும், அண்ணன் உட்கார்ந்த படியைத் தங்கையும் தேடி எடுத்துப் போனார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவன் சுக்குக்காப்பி கேட்டுக் கூப்பிடுகிற கல்லை அவன் மனைவி கிணற்றடியில் வைத்து, உச்சிவேளை வந்தால் ஒரு டம்ளர் காப்பியை அதன் பக்கத்தில் ஆற வைத்தாள். மிச்சத்தை ஒப்பந்தக்காரன் லாரியில் அள்ளி, மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தெருவை மேடாக்கினான். அன்றிலிருந்து பகலில் அந்தத் தெருவில் நடந்தவர்கள் காலடியில் 'கோல்' என்றும் 'கொலைகாரப் பாவி' என்றும் கேட்டபடியே கறிகாய் வாங்கிப் போனார்கள்.

ஆனால் அந்தக் கல்லில் அன்பு கொஞ்சம்தான் இருந்தது. கிரவுண்டு போகிறதே என்று ஊரே அழுதது உண்மை; அழுகை காய்ந்த பிறகுதான், தாங்கள் அங்கே போனது பெரும்பாலும் வைவதற்கு என்பது தெரிந்தது. கிழக்கு கேலரி மில்காரர்களுடையது, மேற்கு கேலரி ஹார்பர்காரர்களுடையது, இரண்டுக்கும் நடுவில் இருந்த புல் பந்துக்கு மட்டும்தான் சொந்தம். மில்தெருவில் ஒருவன் தன் தாத்தாவின் கல்லை மொட்டைமாடியில் வைக்க, அது எதிர்வீட்டு ஹார்பர்காரனின் தாத்தாவைப் பெயர் சொல்லி வைய, எதிர்வீட்டுக்காரன் மேற்கு கேலரிக்குப் போய்த் தன் தாத்தாவைத் தேடி எடுத்துவந்து பதிலுக்கு வைத்தான். செத்தவன் வைதால் உயிரோடு இருப்பவன் என்ன பதில் சொல்ல முடியும், செத்தவனைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் எல்லா மாடியிலும் கல் ஏறிவிட்டது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் கல்லை எதிரி வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அவை பகல் முழுக்க ஒன்றையொன்று வைதுகொண்டிருந்தன. மில்தெருவிலிருந்து ஹார்பர்தெருவுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள், தங்கள் அப்பாமார் தங்கள் மாமனார்மாரை வைவதைக் கேட்டுக்கொண்டே துணி காயப்போட்டார்கள்.

இடிக்கத் தொடங்கிய அன்று அழாதவள் எமல்தா ஒருத்திதான். அவள் வேலி ஓரம் வந்து நின்று, முதல் படி விழுந்ததும் கைதட்டினாள். மறுநாள் காலையில் அவளுடைய மாவு மில்லின் ஷட்டரில் சாணி அடித்திருந்தது. அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டு, தெருவே பார்க்க மறுபடியும் ஒருமுறை கைதட்டிவிட்டு உள்ளே போனாள்.

எமல்தாவின் புருஷன் கஸ்பார் தபாலாபீசில் குமாஸ்தா, விடுமுறை நாளில் நடுவர். அவருடைய தகப்பன் வழி ஹார்பர், தாய் வழி மில். அதனால் இரண்டு கேலரியும் அவரை ஒத்துக்கொண்டன, அதனாலேயே இரண்டும் அவரை நம்பவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு இறுதிப் போட்டியில், ஆட்டம் முடிகிற தறுவாயில், மில் அணி பந்தை வலைக்குள் தள்ளியது. கஸ்பார் விசில் ஊதி, ஆஃப்சைடு என்று கை காட்டினார். கோல் இல்லை என்றாகி, கோப்பை ஹார்பருக்குப் போனது. பந்து உள்ளே போவதற்கு முந்தியே ஊதினார் என்று மேற்கு கேலரி சொன்னது. பந்து உள்ளே போய், கிழக்கு கேலரி எழுந்து ஆடிய பிறகு, அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பொறுக்காமல் பிந்தித்தான் ஊதினார், விலை போய்விட்டார் என்று கிழக்கு கேலரி சொன்னது. சொன்னதோடு நிற்காமல் வேலியைச் சாய்த்துக்கொண்டு இறங்கியது.

கஸ்பார் சாகவில்லை. இரண்டு காதும் போய், இடது கை மடங்காமல், அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். போலீஸ் வந்து கேட்டபோது, ஊரே திரண்டிருந்த அந்த கிரவுண்டில் யார் அடித்தார்கள் என்பதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்று தெரியவந்தது. அவர் வீட்டை விட்டு இறங்குவதை நிறுத்திக்கொண்டார். வாரத்தில் ஒருநாளாவது எமல்தாவைக் கூப்பிட்டு, தன் சத்தம் தனக்கே கேட்காத ஆளின் உரத்த குரலில், நான் முந்தி ஊதினேனா பிந்தி ஊதினேனா என்று கேட்பார். அவள் அன்றைக்கு கிரவுண்டுக்குப் போனவளே இல்லை. ஆனாலும் சிலேட்டில் 'முந்தி' என்று எழுதிக் காட்டுவாள். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளங்கையால் அழிப்பார். அடுத்த வாரம் மறுபடி கேட்பார். கேட்டுக்கொண்டேதான் செத்தார். அதற்குப் பிறகு ஆட்டம் இருக்கிற நாளிலெல்லாம் எமல்தா மாவு மிஷினை வெறுமனே ஓடவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், கிரவுண்டுச் சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காக.

முதலில் வேலியைத் தாண்டியவன் கொம்பையா என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மில்லில் ஃபிட்டராக இருந்த கொம்பையா கிழக்கு கேலரியின் அடிப்படியில் நின்று மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவான். அந்தத் தட்டுக்குத்தான் கேலரியே கத்தும். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மைதான மீட்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். கிரவுண்டை மீட்க முடியாமல் போனதும், கோப்பையையாவது மீட்பது என்று குழு முடிவு செய்திருந்தது. கல் பேசுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் இடிக்கிற இடத்தை விட்டு நகரவில்லை. அவர் காத்திருந்தது வேலியை ஒட்டிக் கிடந்த அடிப்படிக் கல்லுக்கு. அந்தப் போட்டிக்குப் பிறகு அந்த மூலையைச் சிமெண்ட் பூசி மூடிவிட்டார்கள்; அங்கே வேறு யாரும் உட்காரவில்லை. விசில் முந்தியா பிந்தியா என்பது அதற்குள்தான் இருந்தது.

எமல்தாவும் அதற்குத்தான் காத்திருந்தாள். மில்லைப் பூட்டிவிட்டு மத்தியானம் வந்து ஒரு பக்கம் அவள் நிற்பாள், இன்னொரு பக்கம் கொம்பையா நிற்பார். ஒரே தெருக்காரர்கள்தான், ஆனால் கஸ்பாரை வீட்டுக்குத் தூக்கிவந்த நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இயந்திரம் ஓட்டிய நடேசன் சேலத்துக்காரர், அவருக்கு எந்தக் குரலும் யாருடையதும் இல்லை. இரண்டு பேருமே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஏதோ பாகப்பிரிவினை வழக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடிப்படியை எடுக்கிற நாள் நெருங்கியபோது கொம்பையாதான் முதலில் வாயைத் திறந்தார். எல்லாரும் இருக்கும்போது உடைக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் யாரும் புரட்டிப் பேச முடியாது என்று அவர் பொதுவாக, காற்றைப் பார்த்துச் சொன்னார். எமல்தா நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"முந்தின்னு வந்தா?"

"வராது."

"வந்தா?"

"வந்தா உங்க வாசல்ல வந்து விழுதேன். பிந்தின்னு வந்தா நீங்க என்ன செய்விய?"

அவள் மில்லைத் திறக்கப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க கிரவுண்டுக்கு வந்தது. கேலரி இல்லை, படி இல்லை, வேலி இல்லை. ஆனாலும் மில்காரர்கள் கிழக்கே கிடந்த இடிபாட்டில் ஏறியும், ஹார்பர்காரர்கள் மேற்கே கிடந்த இடிபாட்டில் ஏறியும், யாரும் சொல்லாமலே அவரவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடலைக்காரன் வந்தான். நடேசன் பூசியிருந்த சிமெண்டைப் பெயர்த்து, மேசை அளவுக்கு இருந்த அந்தக் கல்லைப் புரட்டி வெயிலில் போட்டுவிட்டு, இயந்திரத்தை அணைத்தார். அந்தக் கல் உள்ளே ஈரமாக இருந்தது. அது காய்கிறவரைக்கும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. எதிரெதிரே இருந்து வையக்கூட இல்லை.

முதலில் டின் சத்தம் வந்தது. வாலிபக் கொம்பையாவின் தட்டு, நிதானமாக ஆரம்பித்து வேகம் பிடித்தது, அதைக் கேட்டதும் கிழக்கே உட்கார்ந்திருந்த கிழவர்களின் முழங்கால் தானாக ஆடியது. பிறகு கேலரியின் சத்தம் மேலே மேலே ஏறி, பந்து காலில் படுகிற 'தொம்' கேட்டு, ஒரே வெடிப்பாக 'கோல்' என்று எழுந்து, எழுந்து, அந்த எழுச்சி உச்சிக்குப் போய்க் கொஞ்சம் தணிந்த பிறகு, மெல்லிசாக, தயங்கித் தயங்கி, விசில் வந்தது.

பிந்தி. சந்தேகமே இல்லாமல் பிந்தி.

கிழக்குப் பக்கம் இடிபாட்டோடு சேர்ந்து எழுந்தது. கிழவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், துண்டைச் சுழற்றினார்கள், கொம்பையாவைத் தோளில் தூக்கினார்கள். மேற்கே தலை குனிந்தது. எமல்தா தன் கைப்பட எழுதிய 'முந்தி' ஒவ்வொன்றும் பொய்யாகிப்போனது. அவள் திரும்பி நடக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்து யாரோ கைதட்டினார்கள்.

ஆனால் வெயில் இன்னும் கல்லின் மேல்தான் இருந்தது. கொண்டாட்டம் கொஞ்சம் அடங்கியபோதுதான் கல் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்பது ஒவ்வொருவராகக் காதில் விழுந்தது. வேலி சாய்கிற சத்தம், ஓடுகிற கால்கள், அப்புறம் இரைக்கிற மூச்சுக்கு நடுவே ஒரு குரல்.

"கோல்தான்யா. கோல்தான். எனக்குத் தப்பிட்டு. கோல் குடுத்துருதேன், விட்டுருங்க."

எமல்தா நின்றாள். அது காது கேட்கிற காலத்துக் கஸ்பாரின் குரல், உரக்கப் பேசத் தெரியாத குரல். அதை அவள் மறந்தே போயிருந்தாள். கல்லில் அவருக்குப் பதில் வந்தது, தோள்மேல் இருந்த கொம்பையாவின் குரலில்.

"இப்பச் சொல்லுதியோ? இப்பச் சொல்லுதியோ?"

ஒவ்வொரு 'சொல்லுதியோ'வுக்கும் ஒரு அடி விழுந்தது, டின்னில் விழுந்த அதே தாளத்தில். சுற்றிலும் மற்றக் குரல்கள் சேர்ந்துகொண்டன. இன்னார் இன்னார் என்று பிரித்துச் சொல்லலாம் போல ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது, செத்தவர்கள் பாதி, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி. தூரத்தில் மேற்கு கேலரியும் கேட்டது. அங்கே யாரும் தடுக்கச் சொல்லிக் கத்தவில்லை. சிரித்துக்கொண்டும் விசிலடித்துக்கொண்டும், இன்னும் ஒண்ணு போடு, இன்னும் ஒண்ணு போடு என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோல்தான், கோல்தான் என்று கஸ்பார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொம்பையாவை இறக்கிவிட்டார்கள். யார் முதலில் போனது என்று தெரியவில்லை. கிழக்கே இருந்து சிலர் இறங்கிப்போய், கல்லைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். அவர்கள் நிழல் கல்லின் ஒரு பக்கத்தில் விழுந்தது, குரல் பாதியாகக் குறைந்தது. மறுபக்கம் இன்னும் வெயில் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு மேற்கே இருந்து ஆட்கள் வந்தார்கள். மில்காரனும் ஹார்பர்காரனும் தோளோடு தோள் உரச, அந்த கிரவுண்டு கட்டிய நாளிலிருந்து நின்றிராதபடி ஒரே பக்கமாக நின்றார்கள். கஸ்பார் ஒரு வார்த்தையின் நடுவில் நின்றுபோனார்.

எமல்தா வட்டத்துக்கு வெளியே வந்து நின்றாள். "நகருங்க" என்றாள். "அவிய பேசிட்டு இருக்காவ."

யாரும் நகரவில்லை. முதுகுகள் மட்டும் தெரிந்தன.

"பிந்தித்தான் ஊதுனாவ. சரி. தப்புன்னும் சொல்லிட்டாவ. பொறவு எதுக்கு அடிச்சிய?"

அவர்கள் வெயில் சாய்ந்து கல் ஆறிய பிறகும் கலைவதற்குப் பயந்து நின்றார்கள்.

அந்த வாரத்துக்குள் மாடிகளிலிருந்து கல் எல்லாம் இறங்கிவிட்டது. வாளியில் முக்கினார்கள், கிணற்றில் போட்டார்கள், படகில் ஏற்றிக் கடலில் தள்ளினார்கள். பள்ளத்தெருவுக்குத் தார் ஊற்றச் சொல்லி இரண்டு தெருவும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டன. அடிப்படிக் கல்லை மட்டும் அசைக்க முடியவில்லை. நடேசன், இதை நான் தொடுவதாக இல்லை என்று இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். அதனால் கல் இருந்த இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டு, நினைவுக் கொட்டகை என்று பெயர் எழுதி, இரண்டு அணிகளின் பழைய போட்டோவுக்கும் மாலை போட்டார்கள். ஹார்பர்காரர்கள் தாங்களாகவே கோப்பையைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். இனி அது இரண்டு பேருக்கும் பொது என்றார்கள். மில்தெருவும் ஹார்பர்தெருவும் முன்னைவிடத் தாராளமாகப் பெண் கொடுத்து எடுத்தன. ஊர் இப்படி ஒற்றுமையாக இருந்ததே இல்லை என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எமல்தாவின் மில்லுக்கு மாவரைக்க வருவது நின்றது. கொஞ்ச தூரம் நடந்தாலும் பரவாயில்லை என்று எல்லாரும் பஜாருக்குப் போனார்கள். அவள் எதிரே வந்தால் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்.

கொட்டகைக்குக் காவல் கொம்பையா. யாரும் அவரைப் போடவில்லை, அவராகவே போய் உட்கார்ந்துகொண்டார்.

கோடை முடிகிற ஒரு மத்தியானம் எமல்தா தன் பீரோவின் கதவில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, சேலை சுற்றி, தள்ளுவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். கொட்டகைக்கு எதிரே சாலைக்கு அந்தப்பக்கம் நிறுத்தி, சேலையை அவிழ்த்தாள். வெயில் கண்ணாடியில் இறங்கி, சாலையைத் தாண்டி, தகரத்துக்குக் கீழே போய், கல்லின் ஒரு மூலையைத் தொட்டது. டின் சத்தம் கேட்டது.

கொம்பையா எழுந்து அந்த வெளிச்சத்தில் வந்து நின்றார். அவள் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். அவள் இந்தப் பக்கம் திருப்பினாள், அவர் இந்தப் பக்கம் வந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். சாலையின் இரண்டு பக்கத்தில் இரண்டு வயசாளிகள் மூச்சு வாங்க வெளிச்சத்தை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள், ஆனால் அவருக்குத் துணையாக நிற்க யாரும் சாலையைக் கடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கொம்பையாவுக்குக் கால் ஓய்ந்தது. அவர் ஒதுங்கி, கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

கல் ஆரம்பத்திலிருந்து சொன்னது. டின், கோல், விசில், வேலி, கால்கள். கஸ்பார் கெஞ்சினார். அவர் குரலைக் கேட்பதற்கு அந்தக் கெஞ்சலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை, அதனால் எமல்தா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொம்பையா தன் குரல் வந்தபோது காதைப் பொத்தவில்லை. முழுக்கக் கேட்டார். கல் பேசி முடித்து, கேலரியின் இரைச்சல் தேய்ந்து போன பிறகு தலையைத் தூக்கிச் சாலைக்கு அந்தப்பக்கம் பார்த்தார்.

"நாளைக்கும் வருவியளா?"

எமல்தா கண்ணாடிக்குச் சேலையைச் சுற்றினாள்.

"வெயில் அடிச்சா வருவேன்" என்றாள்.